லிமெரிக்கின் சந்துகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் கணவர் பாஸ்டனில் பிறந்தவர். அவருடைய பாட்டி 1950களில் அயர்லாந்தின் லிமெரிக் நகரிலிருந்து கப்பலேறி வந்தவர். ஊரைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லையாம். லிமெரிக்கின் ஏழைச் சந்துகளில் கழிந்த தன் பிள்ளைப்பருவத்தைப் பற்றி ஃபிராங்க் மெக்கோர்ட் எழுதிய ‘ஏஞ்சலாஸ் ஆஷஸ்’ வாசித்தபோது, பாட்டி சொல்லாமல் விட்டதெல்லாம் இதுதானோ என்று தோன்றியது. மாமியாரிடம் காட்டினேன், கோபம் வந்துவிட்டது. “நாங்கள் ஒன்றும் அப்படிப்பட்ட குடும்பமில்லை” என்கிறார். இந்நூலை எங்கள் குடும்பக் கதையாக எடுத்துக்கொள்ளலாமா?

எஸ்., பாஸ்டன்

அன்புள்ள எஸ்.,

எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மாமியார் சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

1996ல் நூல் வெளிவந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் வாங்கியபோது, லிமெரிக்கிலேயே பலர் கொதித்தார்கள். ஊரையும் பெற்ற தாயையும் சந்தி சிரிக்க வைத்துவிட்டார் என்றார்கள். நான் மெக்கோர்ட் கட்சி. அந்தச் சந்து வீடுகளும் பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒற்றைக் கழிப்பறையும் அவருடைய கற்பனை அல்ல. ஆனால் அதே ஊரில், அதே 1930களில், அப்பாவுக்கு நிரந்தர வேலை இருந்த கத்தோலிக்கக் குடும்பங்களும் இருந்தன. சந்துக்காரர்களோடு சேர்த்துப் பேசப்படுவதே அவர்களுக்கு அவமானம். பூசையில் சாமியாருக்கு உதவும் பீடச்சிறுவனாகச் சேரப் போகும் ஃபிராங்க்கின் முகத்தில் கதவு சாத்தப்படுகிறதே, அங்கே இது தெரிகிறது. பசியை விட அந்தக் கதவுதான் என்னைத் தொந்தரவு செய்தது. உங்கள் மாமியாரின் முன்னோர் அதற்கு எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது நூலை வாசித்துத் தெரியப்போவதில்லை.

(இத்தனை துயரத்திலும் அது சிரிக்க வைக்கிற புத்தகம் என்பதை மாமியாரிடம் சொன்னீர்களா? புதுநன்மை, அதாவது கிறிஸ்துவின் உடலாகக் கருதப்படும் அப்பத்தை முதன்முதலாக, வாங்கிய அன்று பையன் பாட்டி வீட்டுக் கொல்லையில் வாந்தியெடுக்கிறான். கொல்லையில் கடவுள் கிடக்கிறாரே என்று பாட்டி பதறி, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு அவனை விரட்டுகிறாள். தீர்த்தத்தால் கழுவுவதா, சாதாரணத் தண்ணீரா என்று சாமியாரிடம் கேட்கவும் சொல்கிறாள்.)

சரி, எங்கே தேடுவது? அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. 1922ல் உள்நாட்டுப் போரில் ஆவணக் காப்பகம் இருந்த டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் எரிந்தபோது கொஞ்சம் போனது, மிச்சத்தை அரசாங்கமே அதற்கு முன்னால் அழித்திருந்தது. பாட்டியின் பெற்றோரோ தாத்தா பாட்டியோ 1911 படிவத்தில் அகப்படலாம். அதில் மணமான பெண்களுக்கென்று இரண்டு கட்டங்கள் உண்டு: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. மெக்கோர்ட்டின் அம்மா அப்படி ஒரு படிவத்தை நிரப்பியிருந்தால் ஏழு, நான்கு என்று எழுதியிருப்பார். கூடவே வீட்டுப் படிவம் ஒன்றும் இருக்கும். கூரை எதனால் ஆனது, குடும்பம் எத்தனை அறைகளில் இருந்தது, முன்பக்கம் எத்தனை சன்னல் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. சந்து வீடா இல்லையா என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மாமியாரிடம் இனிமேல் புத்தகத்தை நீட்டாதீர்கள். பாட்டிக்கு எந்தப் பங்கில், அதாவது எந்தக் கோயிலில், ஞானஸ்நானம் ஆனது என்று மட்டும் கேளுங்கள். அவமானப்பட்டு மறைக்க வேண்டிய கேள்வியல்ல அது, சொல்லிவிடுவார். அந்தப் பங்கு அலுவலகத்துக்கு எழுதினால் பாட்டியின் பெற்றோர் பெயர் கிடைக்கும். அப்புறம் 1911 படிவத்தை இருவரும் சேர்ந்தே தேடுங்கள்.