இரண்டு பக்கமும் பல் வைத்த சாவி

கேள்வி: புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சாமான் விரித்திருந்த ஒருவரிடம் இந்த இரும்புச் சாவியை வாங்கினேன். படம் அனுப்பியிருக்கிறேன். பிடித்துத் திருப்ப வளையமே இல்லை. தண்டின் இரு முனைகளிலும் பல் இருக்கிறது. "டூப்ளே மாளிகைச் சாவி ஐயா" என்று சொல்லி முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டில் கேலி செய்கிறார்கள். உண்மையில் இது எதற்கான சாவி?
வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: முதலில் டூப்ளேவை அனுப்பிவைத்துவிடுவோம். அவர் இங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் மாளிகையோடு சேர்த்துக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடிபாட்டிலிருந்து சாவி மட்டும் தப்பி, வாராவாரம் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கிறது! நான் பழைய மரச்சாமான் கடை நடத்திய காலத்தில் என்னிடமும் இதே கதையைச் சொல்லி விற்கப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனாலும் உங்கள் முந்நூறு ரூபாய் வீண் போகவில்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். சப்பாத்தி மாவை உருட்டித் தட்டி, இரண்டு முனைப் பற்களையும் அதில் அழுத்துங்கள். இரண்டு அச்சும் வேறு வேறாக இருந்தால் அது இரண்டு பூட்டுகளுக்குப் பொதுவாகச் செய்த சாவி. அதில் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பெர்லின் சாவி. படத்தில் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

ஜெர்மனியின் பெர்லின் நகரத்துப் பூட்டுத் தொழிலாளி ஜோகன் ஷ்வைகர் என்பவரின் யோசனை இது. 1912 முதல் தொழிற்சாலையில் பெருமளவில் செய்தார்கள். பல குடும்பங்கள் குடியிருக்கும் கட்டடங்களின் பொது வாசலுக்கானது. அங்கேயும் நம் ஊர்க் கதைதான்: இரவில் தாமதமாக வருகிறவர் கதவைத் திறப்பார், திரும்பப் பூட்ட மாட்டார். 'தயவுசெய்து கதவைப் பூட்டவும்' என்று அட்டை மாட்டினால் யார் மதிக்கிறார்கள்? ஷ்வைகர் அட்டையை நம்பவில்லை, பூட்டை நம்பினார்.

வெளியே நின்று சாவியை நுழைத்து, மறுமுனைப் பல்லையே பிடியாக வைத்துத் திருப்ப வேண்டும். பூட்டின் நாக்கு உள்ளே போகும், கதவு திறக்கும். ஆனால் சாவியை உருவினால் வராது. எப்படி இழுத்தாலும் வராது. ஒரே வழி, அதைத் துவாரத்துக்குள்ளேயே தள்ளி, கதவின் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்படி செய்வதுதான். பிறகு நீங்கள் உள்ளே போய், கதவைச் சாத்தி, உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிடித்துத் திருப்பிப் பூட்டினால்தான் சாவி கைக்கு வரும். பூட்டாமல் போகலாம், சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த நேரத்தில் எவன் அப்படிப் போவான்?

வளையம் ஏன் இல்லை என்று இப்போது புரிந்திருக்கும். வளையம் இருந்தால் சாவி கதவைக் கடந்து உள்ளே போகாதே. நீங்கள் குறை என்று நினைத்ததுதான் அதன் முழு வேலையும். கட்டடக் காவலாளியிடம் மட்டும் தனிச் சாவி இருக்கும். பகலில் இந்தக் கெடுபிடியைத் தளர்த்துவதும் இரவில் இறுக்குவதும் அவர் பொறுப்பு.

நம் வீட்டுக் கதவு எதிலும் இது சேராது. ரம்பம் வைத்து அறுத்துப் பொருத்திப் பார்க்கலாம் என்று எந்த மைத்துனராவது வந்தால் அனுமதிக்காதீர்கள். கேலி செய்தவர்களுக்கு ஒரு பழைய அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, சாவியை இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் பாட்டியின் சாவி ஒன்று இருக்கிறது. வாசல் கதவுச் சாவி என்கிறார் அம்மா. பெரியம்மா இல்லை என்கிறார். தண்டின் நுனியில் புல்லாங்குழல்போலத் துளை இருக்கிறது.
வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: பெரியம்மா பக்கம்தான் தீர்ப்பு. குழல் சாவி, பூட்டுக்குள் நிற்கும் ஓர் ஆணியின் மேல் போய் உட்கார்ந்து திரும்பும். அந்த ஆணி ஒரு பக்கம் பார்த்துத்தான் நிற்க முடியும் என்பதால் ஒரு பக்கமிருந்து மட்டும் திறக்கலாம்: டிரங்குப் பெட்டி, அலமாரி, தொங்குபூட்டு. உள்ளும் புறமும் பூட்ட வேண்டிய கதவுக்குக் கெட்டித் தண்டு வேண்டும். பரணில் ஒரு பெட்டி கிடக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பழைய சாவியில் துரு. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கலாமா?
வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். புளிப்பு துருவோடு நிற்காது, இரும்பையும் தின்னும். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். பளபளப்பு வரவில்லையே என்று உப்புத்தாளை எடுக்காதீர்கள்.