பாம்பு பழகுமா?

கேள்வி: என் மகன் நண்பரிடமிருந்து உரிய ஆவணங்களுடன் ஒரு பால் பைத்தான் குட்டியைப் பெற்று வந்திருக்கிறான். பத்து நாள்களாகியும், கையை நீட்டினால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்கிறது, எலியையும் தொடவில்லை. அது எங்களிடம் பழகுமா?
- வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: அது கோபமல்ல அம்மா, அச்சம். ஆப்பிரிக்காவில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் இந்த மலைப்பாம்புக்கு, சுருண்டுகொள்ளும் அந்த வழக்கத்தால்தான் இப்பெயரே வந்தது. (பெயரில் பால் இருக்கிறதே என்று கிண்ணத்தில் பாலை வைத்துவிடாதீர்கள், இது பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.)

நாயைப்போல் வாலாட்டும் அன்பை இதனிடம் எதிர்பார்க்க முடியாது. இந்தக் கையால் தீங்கு வராது என்று அது உணர்ந்துகொள்வதே பழக்கம். உடல் உரசும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம் ஒன்றை வைத்துவிட்டு, இரண்டு மூன்று முறை தானாக இரை எடுக்கும்வரை அதைத் தூக்காமலே இருங்கள். கொன்று, வெதுவெதுப்பாக்கிய எலியை இரவில் இடுக்கியால் நீட்டுங்கள். இரை எடுத்த பின் இரண்டு நாள்களும், சட்டை உரிக்குமுன் கண்கள் நீலம் பாய்ந்து மங்கும் நாள்களிலும் தொடக்கூடாது. தூக்கும்போது, பருந்து இறங்குவதுபோல் மேலிருந்து கையைக் கொண்டுபோகாமல், பக்கவாட்டிலிருந்து நடு உடலைத் தாங்க வேண்டும். நாக்கை நீட்டி மணம் அறியும் உயிர் என்பதால், எலி வாடை வீசும் கை அதற்கு இரையாகவே தோன்றும். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். நிதானமாக நாக்கை நீட்டிக்கொண்டு ஊர்ந்தால் அச்சம் தணிந்திருக்கிறது; கழுத்தை வளைத்துப் பின்னிழுத்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகள் வெப்ப விளக்கைப் பற்றியே பேசும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் நம் கவலை வேறு. கூண்டின் ஒரு பக்கம் 32 டிகிரி அளவிலும் மறுபக்கம் 26 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும் என்பதால், மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையைத் தவிர்த்துவிடுங்கள். பாம்பு இரை எடுக்காததற்குப் பல வீடுகளில் அறையின் சூடே காரணமாக இருக்கக்கூடும்.

மற்றொன்று, இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டிய, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பாம்பைப் பதிவு செய்திருக்கிறானா என்று மகனிடம் கேளுங்கள்.

கேள்வி: காட்டோரத்தில் கிடைத்த நட்சத்திர ஆமையை வளர்க்கலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. நீங்களாகக் காட்டில் விடாமல், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.