மெல்லும் சத்தம் கேட்டாலே ஆத்திரம்: மனநல சிகிச்சையில் என்னதான் செய்வார்கள்?

கேள்வி: எனக்கு வயது 26. யாராவது மென்று சாப்பிடும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம், பக்கத்து மேசைக்காரர் பேனாவை 'டிக் டிக்' என்று அழுத்தும் சத்தம் இவையெல்லாம் கேட்டால் உடம்பு முறுக்கேறி, கத்த வேண்டும்போல் ஆகிறது. 13 வயதில் அப்பா சாப்பிடும் சத்தத்தில் ஆரம்பித்தது. இப்போது அறைக்குள் தனியாகச் சாப்பிடுகிறேன். நாள் முழுக்கக் காதில் இயர் பிளக். காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, கேட்கும் திறன் நன்றாக இருக்கிறது என்றார். வீட்டிலோ "பொறுத்துக்கொள், பழகிவிடும்" என்கிறார்கள். சிலர் மனநல சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார்கள். காதுப் பிரச்சினைக்கு மனநல சிகிச்சை எதற்கு?

பதில்: நீங்கள் சொல்லும் சத்தங்கள் எல்லாமே மெல்லியவை. சாதாரணப் பேச்சே சுமார் 60 டெசிபல் இருக்கும். மெல்லும் சத்தமும் பேனா சத்தமும் அதற்கும் கீழே. ஆக, உங்களைப் படுத்துவது சத்தத்தின் அளவு இல்லை. எந்தச் சத்தம், அதை யார் எழுப்புகிறார் என்பதுதான். இதற்கு மிசோபோனியா என்று பெயர். காது ஆய்வாளர்களான ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதியர் 2001ஆம் ஆண்டு வைத்த பெயர் இது. மருத்துவர்கள் பின்பற்றும் டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம்), ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனம்) ஆகிய நோய்ப் பட்டியல்களில் இது இன்னும் தனி நோயாக இடம்பெறவில்லை. துறை வல்லுநர்கள் கூடி ஒரு பொது வரையறையை வெளியிட்டதே 2022இல்தான். அதனால் நீங்கள் பார்க்கும் மருத்துவருக்கு இந்தப் பெயர் புதிதாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறு இரண்டு நிலைகள் உண்டு. எல்லா வகைச் சத்தமும் அளவுக்கு மீறி உரக்கக் கேட்பது, காது வலிப்பது ஹைபராக்யூசிஸ். சத்தம் காதைக் கெடுத்துவிடுமோ, தலைவலியைக் கொண்டுவருமோ என்று முன்கூட்டியே பயப்படுவது போனோபோபியா. மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல என்பதால் முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் செய்துகொண்ட ஆடியோகிராம், எவ்வளவு மெல்லிய சத்தம்வரை கேட்கிறது என்பதை மட்டும் சொல்லும். எந்த அளவில் சத்தம் தாங்க முடியாமல் போகிறது என்று அளக்க வேறொரு பரிசோதனை இருக்கிறது. கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு அது 90 முதல் 100 டெசிபல் அளவில் வரும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் ஹைபராக்யூசிஸும் சேர்ந்திருக்கலாம். சத்தக் கூச்சம் ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, தலையில் அடிபட்ட பிறகோ முகவாதத்தோடோ வந்திருந்தாலோ, உரத்த சத்தத்தில் தலைசுற்றினாலோ, உங்கள் காலடியோ கண் அசைவோ தலைக்குள் கேட்டாலோ, மனநல சிகிச்சைக்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மறுபடி போக வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு செயலிழந்தால், காதுக்குள் சத்தத்தைத் தணிக்கும் குட்டித் தசையும் அதோடு செயலிழக்கும். இந்த அறிகுறிகள் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. சத்தம் மூளைக்குப் போன பிறகு, அதற்கு 'முக்கியம், ஆபத்து' என்று முத்திரை விழும் இடத்தில்தான் கோளாறு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதை ஸ்கேனில் காட்டினார்கள். மிசோபோனியா உள்ளவர்களுக்குத் தூண்டும் ஒலி கேட்டவுடன், எது முக்கியம் என்று முத்திரை குத்தும் மூளைப் பகுதியான முன்புற இன்சுலா மிதமிஞ்சி இயங்கியது. இதயத் துடிப்பும் தோலின் வியர்வையும் கூடின. அதே குழு 2021இல் இன்னொன்றையும் கண்டது. ஒலியைப் புரிந்துகொள்ளும் பகுதிக்கும், வாய், தாடை, முகத்தை அசைக்கும் பகுதிக்கும் இடையே இவர்களுக்கு இணைப்பு கூடுதலாக இருந்தது. எதிரில் இருப்பவர் மெல்லும்போது உங்கள் தாடையும் இறுகுகிறதா, அவரைப் போலவே மென்று காட்டத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். பலருக்கு அப்படித்தான். நீங்கள் முடிவெடுத்துக் கோபப்படவில்லை. முடிவெடுப்பதற்குள் உடம்பு முந்திக்கொள்கிறது. மனநல சிகிச்சை இந்த எதிர்வினையைப் பழக்கி மாற்றுவதற்குத்தான். உங்களுக்குப் பைத்தியம் என்றோ, குணம் சரியில்லை என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது.

"பழகிவிடும்" என்று வீட்டில் சொல்வது அன்பினால்தான். ஆனால் 13 வருடமாகக் கேட்டும் பழகவில்லையே. பயம் என்றால், இருந்த இடத்திலேயே இருந்தால் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். கோபமும் அருவருப்பும் அவ்வளவு எளிதில் இறங்காதவை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரும் ஒவ்வொரு வேளையும் 'இந்தச் சத்தம் = ஆத்திரம்' என்ற முடிச்சு இறுகத்தான் செய்கிறது. எனவே மெல்லும் சத்தத்தைப் பதிவு செய்து ஒரு மணி நேரம் காதில் ஓடவிட்டுத் தாங்கிப் பழகும் சுய சிகிச்சையில் இறங்காதீர்கள். பலர் அதைச் செய்துபார்த்து, இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்காக நேர் எதிர்த் திசையில் ஓடுவதும் சரியில்லை. உங்கள் இயர் பிளக்கைத்தான் சொல்கிறேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இயல்பான காது உள்ளவர்களில் சிலர் இரண்டு வாரம் காதை அடைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் மெல்லிய இரைச்சல் தரும் கருவியைக் காதில் அணிந்தார்கள். முடிவில் அடைத்துக்கொண்டவர்களுக்குச் சத்தம் முன்பைவிட உரக்கக் கேட்டது. இரைச்சல் கேட்டவர்களுக்குத் தாங்கும் சக்தி கூடியது. உள்ளே வருவது குறைந்தால் மூளை தானாக வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது. மிசோபோனியாவில் இன்னொரு கெடுதலும் சேரும்: அடைப்பைத் தாண்டி ஏதாவது கேட்கிறதா என்று மனம் காவல் காக்கத் தொடங்கிவிடும்.

ஒரே நாளில் பிளக்கைத் தூக்கி எறிய வேண்டாம். இப்போது தினம் எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள் என்று குறித்துக்கொண்டு, தூண்டும் ஒலி வர வாய்ப்பே இல்லாத நேரங்களில் முதலில் கழற்றுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் குறைந்தால் போதும். அடைப்பதற்குப் பதில் பின்னணி ஒலி வையுங்கள்: மழை இரைச்சல், மின்விசிறி ஓசை போன்றது, ஹெட்போனில் இல்லாமல் ஸ்பீக்கரில். தூண்டும் ஒலியை முழுதாக மூழ்கடிக்கும் அளவுக்குக் கூட்டினால் அதுவும் இன்னொரு பிளக்தான். அது ஒலிக்கும்போதே ஒருவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிந்தால் அளவு சரி. துளையிடும் இயந்திரம் போல 85 டெசிபலைத் தாண்டும் இடங்களில் பிளக் போடுவது எல்லோருக்கும் நல்லது. அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டாம்.

இப்போது சிகிச்சை. மிசோபோனியாவுக்கு இன்று ஆதாரம் அதிகமுள்ள வழி சிபிடி எனப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. ஆம்ஸ்டர்டாமில் 54 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒரு முறை, 3 மாதம், குழுவாக இந்தச் சிகிச்சை கொடுத்தார்கள். 37 சதவீதம் பேருக்குத் தெளிவான முன்னேற்றம். ஒப்பிடுவதற்காகச் சிகிச்சை தராமல் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. 37 சதவீதம் என்பது பெரிய எண் இல்லைதான். 'நூறு சதவீதம் குணம்' என்று விளம்பரம் செய்பவரிடம் போகாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் குறிப்பேடு எழுதச் சொல்வார்கள். என்ன சத்தம், யாருடையது, முந்தைய இரவு எவ்வளவு தூக்கம், பசி இருந்ததா, உடம்பில் முதலில் இறுகியது எது, மனதில் ஓடிய வாக்கியம் என்ன, என்ன செய்தீர்கள், ஆத்திரம் பத்துக்கு எத்தனை. அலுப்பான வேலைதான், ஆனால் பாதி விஷயம் இதில் வெளிப்பட்டுவிடும். கைக்குழந்தையோ நாயோ மெல்லும்போது பலருக்குக் கோபமே வராது. தூக்கம் கெட்ட மறுநாள் அதே சத்தத்துக்கு 4 போட்டவர் 8 போடுவார்.

அடுத்தது கவனப் பயிற்சி. அமைதியான அறையில் 10 நிமிடம் வாசித்துவிட்டு, கவனத்தில் எவ்வளவு வாசிப்பில் இருந்தது, எவ்வளவு காதில் இருந்தது என்று சதவீதமாகக் குறிக்க வேண்டும். பிறகு இருவர் பேச்சில், பிறகு பின்னணிச் சத்தத்தில், கடைசியாகத்தான் தூண்டும் ஒலி உள்ள இடத்தில். எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கேட்காமல் இருக்க முயல்வது. கேட்காமல் இருக்கிறோமா என்று பார்ப்பதே கேட்பதுதான். சத்தம் ஓரத்தில் ஓடட்டும். கை வேலையில் இருக்கட்டும்.

கூடவே உடம்பைத் தளர்த்தும் பயிற்சி தினமும் 15 நிமிடம். ஒவ்வொரு தசையாக இறுக்கி, விட வேண்டும். நாலைந்து வாரத்தில் அதைச் சுருக்கி, தாடை, தோள், உள்ளங்கை மூன்றையும் ஒரே நீண்ட வெளிமூச்சில் தளர்த்தப் பழக வேண்டும். மேலே சொன்ன முகத்தசை இணைப்பினால் தாடையைத் தளர்த்த மறக்கக் கூடாது. அமைதியான நேரத்தில் பழகாமல், சாப்பாட்டு மேசையில் ஆத்திரம் ஏறிய பிறகு முதன்முறையாகச் செய்துபார்த்தால் பலிக்காது.

எண்ணங்களைப் பற்றிய பகுதியில், 'வேண்டுமென்றே செய்கிறார்', 'மரியாதை தெரிந்தவர் இப்படிச் சாப்பிட மாட்டார்' போன்ற வாக்கியங்களை எடுத்துப் பார்ப்பார்கள். சத்தம் இனிமையானது என்று உங்களை நம்பவைக்கப் போவதில்லை. சத்தத்தையும் அதை எழுப்புபவரின் நோக்கத்தையும் பிரித்துவைப்பதுதான் வேலை.

இதற்கெல்லாம் பிறகே ஒலியில் கைவைப்பார்கள். முதலில் முகம் தெரியாத யாரோ மெல்லும் பதிவு. மெல்லிய அளவில் 30 வினாடி. ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் உங்கள் விரலில். அதன் வேகத்தையும் சுருதியையும் செயலியில் மாற்றுவீர்கள், தாளம் சேர்ப்பீர்கள், வேறு காட்சியோடு பொருத்துவீர்கள். மெல்லும் சத்தத்தைக் காகிதம் கிழியும் வீடியோவோடு ஓட்டினால், அதே சத்தம் அவ்வளவு அருவருப்பாகப் படுவதில்லை. வேறு மூலத்தைக் காட்டினால் வெறுப்பு குறைவதை ஆய்வுகளும் கண்டிருக்கின்றன. ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம், வாரம் நாலைந்து நாள். ஆத்திரம் பத்துக்கு 5ஐத் தாண்டினால் ஒரு படி இறங்க வேண்டும். அப்பாவின் சத்தம் பட்டியலில் கடைசி. அவசரப்பட்டு அதை முதலில் எடுப்பதும், சண்டை போட்ட நாளில் பயிற்சி செய்வதும்தான் சிகிச்சை பாதியில் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள்.

மேசைக்குத் திரும்புவதும் இதே கணக்குத்தான். முதல் வாரம் 5 நிமிடம், பின்னணியில் இசையோடு. எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். தாடை அசைவதைப் பார்ப்பதே பலரைத் தூண்டும். முடியாவிட்டால் எழுந்து போகலாம், ஆனால் 2 நிமிடத்தில் திரும்பி வரவேண்டும். திரும்பி வந்தால் இடைவேளை, வராவிட்டால் ஓட்டம். மூளை இரண்டையும் வேறு வேறாகத்தான் கற்றுக்கொள்கிறது.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. சாப்பாட்டையே நிறுத்திக்கொண்டு வீடு முழுக்க அடங்கி நடக்கவும் வேண்டாம், வேண்டுமென்றே சத்தம் போட்டுச் சோதிக்கவும் வேண்டாம். இடைவேளைக்கு ஒரு கைச்சாடை பேசிவைத்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை சாப்பாட்டு நேரத்தில் கூடாது.

ஹைபராக்யூசிஸ் என்று தெரியவந்தால் பாதை சற்று மாறும். அங்கே படிப்படியாகச் சத்தத்துக்குப் பழக்குவதுதான் மையம். ஸ்வீடனில் 60 பேரிடம் நடத்திய 2014ஆம் ஆண்டு ஆய்வில் சிபிடி அவர்களுக்கு நன்றாகவே உதவியது.

மிசோபோனியாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. மனச்சோர்வோ பதற்ற நோயோ, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடியோ கூட இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம். பதற்றத்துக்கான பென்சோடையசிபைன் மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவற்றைத் திடீரென நிறுத்தும்போது சத்தக் கூச்சம் அதிகரிக்கலாம். யாரையாவது அடித்துவிடுவோமோ, நம்மையே காயப்படுத்திக்கொள்வோமோ என்ற நிலை வந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திராமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இந்தச் சிகிச்சை தரும் உளவியல் நிபுணரை (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) தேர்ந்தெடுக்கும்போது மிசோபோனியா என்ற பெயர் தெரியுமா என்பதைவிட, சிபிடியில் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். முதல் நாளே பதிவை ஓடவிட்டு "தாங்குங்கள்" என்பவர் வேண்டாம். பொதுவாக 10 முதல் 14 அமர்வுகள் பிடிக்கும். ஆரம்பத்தில், மிசோபோனியாவின் கடுமையை அளக்கும் ஆம்ஸ்டர்டாம் அளவுகோலின் 6 கேள்விகளைக் கேட்டு 24க்கு மதிப்பெண் போட்டுக்கொண்டு, ஆறாவது அமர்வில் மறுபடி போடச் சொல்லுங்கள். 15உம் அதற்கு மேலும் கடுமை, 10 முதல் 14 மிதம், 5 முதல் 9 லேசு என்று கணக்கு. 17இல் இருந்தவர் 9க்கு வந்தால் அது நல்ல வெற்றி. சத்தம் அப்போதும் பிடிக்காமல்தான் இருக்கும், ஆனால் மேசையில் உட்கார முடியும். ஆறு அமர்வு முடிந்தும் எண் அசையவே இல்லையென்றால் வீட்டுப் பயிற்சி உண்மையில் நடந்ததா என்று முதலில் பாருங்கள். நடந்திருந்தால் முறையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முதல் அமர்வுக்குப் போகும்போது ஆடியோகிராம் அறிக்கையையும், இரண்டு வாரக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். குறிப்பேட்டை இன்றைக்கே தொடங்கிவிடலாம்.