தடைக்காலமும் ஓலைப் பெட்டியும்

கேள்வி: என் கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் நானும் மாமியாரும் முடையும் பனையோலைப் பெட்டியை வைத்துத்தான் வீடு ஓடுகிறது. வீட்டுக்கே வந்து எடுக்கும் வியாபாரி, "சும்மா உட்கார்ந்து முடைவதுதானே" என்று விலையைக் குறைத்துக்கொண்டே போகிறார். இதை விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: விடாதீர்கள் சகோதரி. ஆனால் அந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும்போது உங்கள் வீட்டில் உலை கொதிப்பது நீங்கள் இருவரும் முடைவதால்தான், அதைப் போய் சும்மா என்பது அநியாயம்.

வியாபாரி கணக்கில் முடையும் நேரம் மட்டும்தான் இருக்கிறது. குருத்தோலையை விலை கொடுத்து வாங்கி, வெயிலில் காயப்போட்டு, ஈர்க்கை நீக்கி, எல்லாம் ஒரே அகலத்தில் வரும்படி கிழித்து, சாயம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத் தண்ணீரில் போட்டெடுத்து மறுபடி உலர்த்தி, ஓலை ஒடியாமல் மடங்குவதற்காக ஈரப்படுத்தி, அப்புறம்தானே முதல் பின்னலே விழுகிறது! பனையேறுகிறவர்கள் குறைந்துபோனதில் ஓலை கிடைப்பதும் லேசில்லை. ஒரு பெட்டிக்கு இதெல்லாம் எவ்வளவு ஆகிறதென்று ஒரு நோட்டில் எழுதுங்கள், உங்கள் கூலியையும் சேர்த்து. அதற்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்க வேண்டாம்.

தனியாகப் பேரம் பேசினால் அவர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார் என்ற பயம் இருக்கும், நியாயம்தான். அதனால் தெருவில் முடைகிற எல்லோரும் ஒரே விலை சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்து மணப்பாடும் மீனவர் ஊர்தானே, அங்கே பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து ஓலைப் பொருள் செய்கிறார்கள். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மத்திய ஜவுளி அமைச்சகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் இருவரும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள், அரசுக் கண்காட்சிகளில் கடை போட அது உதவும். தமிழக அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகார் விற்பனை நிலையத்திலும் மாதிரியைக் காட்டிக் கேட்கலாம்.

இன்னொன்று, கையில் காசில்லாத தடைக்காலத்திலேயே எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். அன்றாடச் செலவுக்கு வேண்டியதை மட்டும் விற்றுவிட்டு, முடிந்த அளவு கொஞ்சம் எடுத்து வையுங்கள். ஐப்பசி மழையில் ஓலை பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும், அதனால் தரையில் வைக்காமல் பரணில் வைத்து, வெயில் அடிக்கிற நாளில் வெளியே எடுத்துக் காயப்போடுங்கள்.