கராஜ் பக்கம்: மாமாவின் எம்.ஜி.க்கு எந்த எஞ்சின்?

கேள்வி: தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த என் தாய்மாமா ஒரு டொக்டரிடம் வாங்கிய 1970ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் ஸ்போர்ட்ஸ் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. 1275 சி.சி. எஞ்சின். கம்பளையில் ஒழுங்காக ஓடும் கார், இறம்பொடை ஏற்றத்தில் இழுக்க மறுத்துக் கரும்புகை கக்குகிறது. வளைவுகளில் முதல் கியர் விழவே மாட்டேன் என்கிறது. கழற்றிவிட்டு டொயோட்டா 4ஏ-ஜிஈ எஞ்சினைப் போடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக் பாஸ். நான் கணித ஆசிரியன், ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது, ஐயா?
– வாசகர், நுவரெலியா

பதில்: தம்பி, எஞ்சினில் கைவைக்கும் முன் நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். நுனி கரியடைந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கடலோரத்தைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 65 குதிரைவலு தரும் எஞ்சின் உங்கள் வாசலில் 55 தந்தாலே பெரிது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் எஸ்.யூ. காபுரேட்டர்களைக் கீழே டியூன் செய்திருந்தால், அவை மேலே வந்ததும் புகைக்கத்தான் செய்யும். பெட்ரோல் வெளிவரும் ஜெட்டுக்கு அடியில் இருக்கும் அறுகோண நட்டை மேல்நோக்கித் திருகினால் பெட்ரோல் குறையும். இரண்டு காபுரேட்டரிலும் ஒரே அளவு, நட்டின் ஒவ்வொரு முகமாக.

அடுத்தது கொம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எழும் அழுத்தம். பாஸை உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லி நான்கு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இது உங்கள் பாடம்தானே! ஒரு சிலிண்டர் மட்டும் பத்து வீதத்துக்கு மேல் குறைந்தால், அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஈயம் கலந்த பெட்ரோல் 2002இல் நம் நாட்டில் நின்றுபோனது. உங்கள் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட், அந்த ஈயத்தை நம்பிச் செய்த இரும்பு. இப்போதைய பெட்ரோலில், அதுவும் நீண்ட ஏற்றங்களில், வால்வு உட்காரும் இடம் தேய்ந்து உள்ளே இறங்கும். லேத் கடையில் ஹெட்டைக் கொடுத்துக் கடினமான சீட் ரிங் அடித்தால் வேலை முடிந்தது. இதற்கெல்லாம் எஞ்சின் மாற்றுவது வீண் செலவு.

4ஏ-ஜிஈ கெட்டிக்கார எஞ்சின்தான், மறுக்கவில்லை. ஆனால் வால்வைத் திறக்கும் கேம் தண்டுகள் இரண்டும் மேலேயே இருக்கும் அதன் ஹெட்டுக்கு உங்கள் பொனட்டின் உயரம் போதாமல் போகலாம். பின் சக்கரங்களைச் சுழற்றும் மிட்ஜெட்டின் ஹாஃப் ஷாஃப்ட்டுகள் சொந்த எஞ்சினுக்கே முறிவதுண்டு, நூறு குதிரைவலுவுக்கு மேல் கொடுத்தால் என்ன ஆகும்? ஏறுவதற்கு வலு கூட்டியவர் இறங்குவதற்குப் பிரேக்கும் கூட்ட வேண்டும். உங்கள் பாஸ் அந்தக் கணக்கைச் சொல்லியிருக்க மாட்டார்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட உண்மையான குறை அந்த முதல் கியர். பழைய மிட்ஜெட் கியர்பொக்ஸில் முதல் கியருக்கு, ஓடும்போதே கியர் வழுக்கி விழ உதவும் சின்க்ரோ கிடையாது. சமவெளிக்காரருக்கு அது பெரிதல்ல. ஊர்ந்துகொண்டே முதல் கியர் போடவேண்டிய கொண்டை ஊசி வளைவில் அது கொடுமை. ஆகவே மாற்றத்தைக் கியர்பொக்ஸிலிருந்து யோசியுங்கள். உங்கள் எஞ்சினுடன் டட்சன் கியர்பொக்ஸைப் பொருத்தும் அடாப்டர் பிளேட்டுகள் வெளிநாட்டில் விற்கப்படுகின்றன. எஞ்சினும் போய்விட்டது என்று எண்களே சொன்னால், டட்சன் சன்னி பி310இல் வந்த ஏ12, ஏ14, ஏ15 வகையைத் தேடுங்கள். ஹெட்டில் கேம் தண்டு இல்லாத சிறிய புஷ்ரொட் எஞ்சின், ஹெட் அலுமினியம், நம் பாஸ்மாருக்குக் கைவந்தது. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் எஞ்சினை ஒரு கடையிலும் கியர்பொக்ஸை இன்னொரு கடையிலும் வாங்க வேண்டாம். ஓடுகிற ஒரே காரிலிருந்து கிளட்ச், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் ஒன்றாக வரட்டும்.

முன்பணம் கொடுக்கும் முன் அளவு நாடாவை எடுங்கள். எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் சம்ப்பின் ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? அது ஸ்டியரிங் ரேக்கில் இடிக்குமா? சைலன்ஸர் குழாய் இறங்கும் பக்கத்தில் ஸ்டியரிங் தண்டு குறுக்கே வருமா? கியர் நெம்புகோல் பழைய துளையில் வெளிவருமா? அந்த எஞ்சின் அளவுக்கு அட்டைப்பெட்டியில் ஒரு மாதிரி செய்து உள்ளே இறக்கிப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சமநிலைப்படுத்தும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருப்பதை மறக்க வேண்டாம். விற்பவரிடம் ரசீது வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியுங்கள், காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பாஸுடன் போடும் ஒப்பந்தத்தில் "கார் புகைப் பரிசோதனையில் தேறிய பிறகே கடைசித் தவணை" என்று ஒரு வரி சேருங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

கேள்வி: எங்கள் 1962ஆம் ஆண்டு மொரிஸ் மைனரில் புதிய ரேடியோ பூட்டினோம். உடனே புகைந்துவிட்டது. கடைக்காரர் எங்களைக் குறை சொல்கிறார்.
– வாசகி, ஹட்டன்

பதில்: அம்மா, உங்கள் காரில் பாட்டரியின் நேர்முனைதான் பாடியில் இணைந்திருக்கும். அக்கால பிரித்தானியக் கார்கள் பலவும் அப்படித்தான். இன்றைய ரேடியோ எதிர்முனை பாடியில் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. பூட்டியவர் பாட்டரி வயரைப் பார்த்திருக்க வேண்டும். நுவரெலியாத் தம்பியின் காரிலும், முன்பே யாராவது பழைய வயரிங்கை மாற்றியிருக்கக்கூடும் என்பதால், ஆல்டர்னேட்டர் பூட்டும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.