வண்டி போகாத வயலிலிருந்து 300 கிலோ மாட்டை எப்படி வெளியே கொண்டுவருவது?

கேட்டிருப்பது இது: வெளிநாட்டு வேட்டை வீடியோ ஒன்றில், மலைக்காட்டுக்குள் சுட்ட எல்க் மானைக் கூறு போட்டு முதுகில் சுமந்து வந்தார்கள். நம் பக்கம் வண்டி போகாத இடத்தில் அவ்வளவு பெரிய மிருகம் கிடந்தால் என்ன செய்வார்கள்?

நான் நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாடு உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வீடியோ. ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். அதை முழுசாக யாரும் தூக்குவதில்லை. விழுந்த இடத்திலேயே தோலை உரித்து, நான்கு சப்பைகளையும் முதுகுக்கறியையும் தனித்தனியாக எடுத்து, காற்றுப் போகும் துணிப்பையில் போட்டு, சட்டம் வைத்த முதுகுப்பையில் கட்டி, பல நடை நடந்து கொண்டுவருவார்கள். வசதி இருந்தால் குதிரை, கோவேறு கழுதை. தோலோடு விட்டால் உடம்புச் சூட்டிலேயே எலும்பை ஒட்டிய கறி கெட்டுவிடும், அதனால்தான் அந்த அவசரம். சுட்ட கறியைக் காட்டில் வீணாக விட்டுவந்தால் அமெரிக்காவில் பல மாநிலங்களில் குற்றம். நமக்கு அந்தப் பேச்சே இல்லை. வேட்டையைத் தடுக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கோடியக்கரை வெளிமானைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவதோடு சரி.

எங்கள் காவிரி டெல்டாவில் வண்டி போகாத இடத்தில் கிடக்கும் பெரிய மிருகம் என்றால் அது மாடுதான். அதுவும் பெரும்பாலும் உயிரோடு கிடக்கும். கூறு போடுகிற வழி கிடையாது. எலும்பு முறியாமல், மூச்சு முட்டாமல் முழுசாக வெளியே வந்தாக வேண்டும்.

எங்கள் உம்பளச்சேரி மாடு இந்தச் சேற்றுக்கென்றே வந்த இனம். பிறக்கும்போது கன்று செந்நிறமாக இருக்கும், வளர வளரச் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியில் வெள்ளை, காலில் வெள்ளை. உளையில், அதாவது ஆழமான சேற்றில், இறங்கினாலும் நிதானமாகக் காலை எடுத்து வைத்து ஏறிவிடும். ஜெர்சி கலப்பு மாட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சிக்குவது பெரும்பாலும் அதுதான், அதிலும் கன்று ஈன்ற புதிதில்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது தெருவில் ஒரு செவலைப் பசு வடிகால் வாய்க்காலில் இறங்கி மாட்டிக்கொண்டது. கழுத்தில் தாம்புக்கயிற்றைக் கட்டி, மறுமுனையை டிராக்டரில் மாட்டி இழுத்தார்கள். மாடு வெளியே வந்துவிட்டது. ஆனால் தலையைத் தூக்கவே இல்லை. நாக்கு ஒரு பக்கம் தொங்க, கரையில் கிடந்து அன்றைக்கு இரவே செத்துப்போனது. இழுத்தவர்கள் எல்லாரும் நல்லது செய்யத்தான் ஓடிவந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன், கயிற்றைப் பிடித்துக் கொடுத்தேன்.

அதனால் ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் எங்கள் மாடே மாட்டிக்கொண்டபோது, வரப்பில் நின்ற பெரியப்பா முதலில் சொன்னது, "கழுத்துல கயித்தப் போடாதீங்கடா." கன்று ஈன்று மூன்றாம் நாள். சம்பா நட்ட வயலுக்கு நடுவே, ரோட்டிலிருந்து முந்நூறு மீட்டர் உள்ளே, வயிறு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்திருந்தது. கண் இமை மயிரில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. கழுத்தை ஒரு பக்கமாக வளைத்து விலாவின் மேல் சாய்த்திருந்தது. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

அந்தக் கழுத்து வளைவைக் கவனியுங்கள். ஈன்ற புதிதில் பாலில் சுண்ணாம்புச் சத்து இறங்கி, ரத்தத்தில் குறைந்துபோனால் மாடு இப்படித்தான் உட்கார்ந்துவிடும். பால் காய்ச்சல் என்பார்கள். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்திருக்கும். அதாவது எங்கள் மாடு சேற்றில் சிக்கியதால் எழ முடியாமல் போகவில்லை, எழ முடியாததால் சேற்றில் சிக்கியிருந்தது. இது புரியாமல் எத்தனை பேர் இழுத்தாலும் கரையில் போய் மறுபடி விழத்தான் செய்யும். உடனே 1962-க்குப் போன் செய்தோம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. கிணறு, ஆழமான பள்ளம் என்றால் தீயணைப்புத் துறைக்கும் சொல்லிவிடுங்கள்.

டாக்டர் வருவதற்குள் நாங்கள் செய்த வேலை சேற்றோடுதான். சேற்றில் புதைந்த காலை மேலே இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகிறது, அது காலைத் திரும்ப உறிஞ்சுகிறது. காற்றோ தண்ணீரோ உள்ளே போனால்தான் விடும். ஆயில் என்ஜின் பம்பின் ஓஸ் பைப்பை ஒரு பிவிசி குழாயில் செருகி, ஒவ்வொரு காலை ஒட்டியும் மெதுவாக உள்ளே இறக்கித் தண்ணீர் விட்டோம். குழம்பு மாதிரி சேறு இளகி, பின்னங்கால் 'பொளக்'கென்று விடுபட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாலு காலுக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. அவசரப்பட்டிருந்தால் தொடை மூட்டு கழன்றிருக்கும்.

இழுப்பதற்கு எடுத்தது எங்கள் கொல்லைப் படல். மூங்கில் பிளாச்சு வைத்து முடைந்தது, ஆறடிக்கு நாலடி இருக்கும். அதன் மேல் தார்ப்பாயை விரித்து, மாட்டின் பக்கத்தில் சேற்றோடு சேறாக அழுத்தி, மாட்டைப் புரட்டி ஏற்றினோம். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி, நாலாக மடித்த சாக்கு. மாட்டைப் படலோடு சேர்த்துக் கட்டிய கயிறு அந்தச் சாக்கின் மேல்தான், தோலில் படவில்லை. பால்மடியை நசுக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். தலையைக் கையில் ஏந்திக்கொண்டு கூடவே நகர அண்ணி. இழுவைக் கயிற்றைப் படலில் கட்டினோம், மாட்டில் கட்டவில்லை. எட்டுப் பேர் இழுத்தோம். தண்ணீர் நின்ற வயல் என்பதால் ஓடம் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பக்கத்து வயல்காரரின் நட்ட பயிர் ஒரு பட்டை முழுக்க அழிந்தது. அவர்தான் முன்னால் நின்று இழுத்தவர்.

வழியெல்லாம் மாடு நெஞ்சு கீழே பட, கால் மடக்கி உட்கார்ந்த நிலையிலேயே இருக்கும்படி வைக்கோல் கட்டுகளை முட்டுக் கொடுத்தோம். ஒருக்களித்துப் படுக்கவிட்டால் வயிற்றில் வாயு அடைத்து மூச்சு நின்றுவிடும். அந்த நேரத்தில் வாயில் கஞ்சி, எண்ணெய், நாட்டு மருந்து எதுவும் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பாசத்தில் செய்து மாட்டைக் கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் வந்து கழுத்து நரம்பில் கால்சியம் மருந்தை நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஏற்றினார். அப்புறம் ராத்திரி முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, உட்கார்ந்த நிலையிலேயே பக்கம் மாற்றி வைத்தோம். ஒரே பக்கம் கிடந்தால் அவ்வளவு கனமும் அந்தக் காலில் அழுந்தித் தசை செத்துவிடும், பிறகு கால்சியம் ஏறினாலும் எழாது. விடியற்காலையில் முன்னங்காலை ஊன்றி, தடுமாறி, எழுந்து நின்றது. அண்ணி அழுதுவிட்டார்கள்.

செத்த மாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் மாடுகள் கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்தன. ரோட்டை மறித்துத் தென்னையும் புளியமரமும். பொக்லைன் வர வழியில்லை. கிடந்த இடத்திலேயே புதைக்கலாம் என்று தோண்டினால் மூன்றடியில் தண்ணீர் ஊறுகிறது, டெல்டாவில் கார்த்திகை மாதம் அப்படித்தான். குழி ஆறடி இருக்க வேண்டும், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி இருக்க வேண்டும். அதனால் மேட்டுத் திடலுக்கு இழுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அப்போதும் படல்தான் உதவியது. பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி ஏற்றினோம். குழியில் மேலும் கீழும் சுண்ணாம்பு.

ஆனால் அது புயலில் செத்த மாடு, காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் கிட்டே போகாதீர்கள். அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். இழுக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, தோலை உரிக்கவும் கூடாது. திறந்த உடம்பிலிருந்து வரும் கிருமி வித்தாக மாறி அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், மனிதர்களுக்கும் தொற்றும். நாய், காக்கை அண்டாமல் தள்ளி நின்று காவல் இருங்கள், கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சொல்லும் வரை.