கூரை திறக்கும் காரை விற்கிறீர்களா? வாசகர் கேள்வி-பதில்

கே: கூரை திறக்கும் பிஎம்டபிள்யூ ஒன்றை கார் கன்சல்டிங்கில் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கினார்கள். வாங்குபவர் பெயர், தேதி எதுவும் எழுதவில்லை. “பார்ட்டி கிடைத்ததும் நாங்களே மாற்றிவிடுவோம்” என்றார்கள். எட்டு மாதம் கழித்து, அதிவேகம் என்று என் செல்போனுக்கு அபராதம் வருகிறது. போன் போட்டால் எடுப்பதில்லை. (கோவை)

ப: உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது இந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம், எனக்கு ஆறாத கோபமும் அதன் மேல்தான். கார் அவர்கள் பெயருக்கு வந்தால் ஆர்சியில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடும், விலை இறங்கும். அதனால் அடுத்த ஆள் கிடைக்கும்வரை உங்கள் பெயரிலேயே ஓட விடுகிறார்கள். லாபம் அவர்களுக்கு, வழக்கு உங்களுக்கு.

பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் காலாவதியான நேரத்தில் யாரையாவது இடித்தால் இழப்பீடு உங்கள் தலையில் விழும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதை விற்பவரிடம் எடுத்துச் சொல்கிற கன்சல்டிங்கை நான் இன்னும் பார்க்கவில்லை. 2023 ஏப்ரலிலிருந்து, அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரி காரை எடுத்ததும் ஃபார்ம் 29சி மூலம் தெரிவித்துப் பொறுப்பை ஏற்க வழி இருக்கிறது. அந்த அங்கீகாரச் சான்றிதழைக் காட்டாத கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: விற்பனை ஒப்பந்தம், வங்கியில் பணம் வந்ததற்கான ஆதாரம், காரை ஒப்படைத்த தேதி, இவற்றோடு கார் பதிவான ஆர்டிஓவுக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். பழைய ஃபாஸ்டாக் கணக்கையும் மூடிவிடுங்கள், இல்லையென்றால் டோல்கேட் பணம் உங்களிடமிருந்தே போகும்.

கே: வாங்குபவர் 6 லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (மதுரை)

ப: கூடாது. ஒரு விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே தொகை அபராதம். அதுவும் வாங்கிய உங்களுக்குத்தான்.

கே: பாண்டிச்சேரி பதிவு எண்ணுள்ள கன்வெர்டிபிள் (கூரை திறக்கும் கார்) மலிவாகக் கிடைத்தது. சென்னையில் இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். இப்போது விற்கப் போனால் எல்லோரும் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். ஏன்? (சென்னை)

ப: ஏன் மலிவாகக் கிடைத்தது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். அந்த வரியையும் தடையில்லாச் சான்று அலைச்சலையும் கழித்துத்தான் விலை கேட்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வரியைக் கட்டிப் பதிவை மாற்றிவிட்டு விற்பனைக்கு வாருங்கள்.

கே: மழையில் கூரை ஓரம் லேசாகக் கசிகிறது. காயவைத்து, சென்ட் அடித்து விற்றுவிடலாமா? (திருச்சி)

ப: செய்யாதீர்கள். 2015 வெள்ளத்தில் நின்ற ஒரு காரை, அடுத்த வருடம் அப்படித்தான் என்னிடம் விற்றார்கள். உள்ளே மல்லிகை வாசம். சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்தபோது, அது நகரும் தண்டவாளத்தில் காய்ந்த சேறு விரலோடு பொரிந்து வந்தது, போல்ட்டெல்லாம் துரு. ஆறு மாதத்தில் வயரிங் போய்விட்டது. காசும் திரும்பவில்லை.

துணிக்கூரை காரில் மழைநீர் வடிவதற்கென்று சின்னச் சின்னத் துவாரங்கள் உண்டு. இலையும் தூசியும் அடைத்தால் நீர் உள்ளே தேங்கும். 2002 முதல் 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4-ல் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் மோட்டாரே அப்படித் தேங்கும் இடத்தில்தான் இருக்கிறது. முதலில் துவாரங்களைச் சுத்தம் செய்து பாருங்கள். பல கார்களில் கசிவு அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் வாங்குபவர் முன்னால் கூரையை இரண்டு முறை திறந்து மூடி, மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். அப்புறம் விலை பேசுங்கள்.

கே: காரை விற்றால் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) யாருக்கு? (சேலம்)

ப: உங்களுக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கி வையுங்கள், மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு உதவும்.